பச்சைக் கதவின் இரண்டு பக்கம்

கண்காட்சி திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தபோதுதான் தம்பி வந்து அந்தச் செய்தியைச் சொன்னான். மூத்தவள் அப்போது தரையில் மண்டியிட்டு, யார் காலும் தடுக்காதபடி கேபிள்களின் மேல் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அப்பா வர்றாரு."

"எந்த அப்பா?"

"நமக்கு எத்தன அப்பா இருக்காங்க?"

"விளையாடாத. யாரு கூப்பிட்டது?"

"நாந்தான். வரமாட்டாருன்னு நெனச்சு ஒரு பேச்சுக்குச் சொல்லி வச்சேன். இப்ப வண்டிய எடுத்துட்டாராம்."

மூத்தவள் டேப்பைக் கீழே வைத்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். பிறகு, "நான் அம்மாவக் கூப்பிட்டிருக்கேன்" என்றாள்.

தம்பி பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

அம்மாவும் அப்பாவும் பிரிந்து ஆறேழு வருடம் ஆகிறது. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அப்பா டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். இருவரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்று இரண்டு பேரும் நாள் முழுக்க ஒரே வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகு, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் தொடங்கித் தொட்டதற்கெல்லாம் சண்டை. கொஞ்ச நாள் தனியாக இருந்து பார்க்கிறேன் என்று அம்மா நாலு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்துப் போனாள். அந்தக் கொஞ்ச நாள்தான் இவ்வளவு நீண்டுவிட்டது. முதலில் யார் பேசுவது என்பதில் இருவரும் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்துவிட்டார்கள்.

பிள்ளைகள் இருவருக்கும் தபால்காரர் வேலை. "உங்கப்பாகிட்ட சொல்லு, அந்தக் கேஸ் சிலிண்டர் புத்தகம் அவருகிட்டதான் இருக்கு." "உங்கம்மாகிட்ட சொல்லு, இல்லன்னு." மூத்தவளின் கல்யாணத்தில் எல்லாப் புகைப்படத்தையும் இரண்டு தடவை எடுத்தார்கள். அவளுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தபோது, அம்மா காலையில், அப்பா மாலையில் என்று மருத்துவமனைக்கு முறை வைத்து வந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று மட்டும் கணக்குத் தப்பிப்போய் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். ஒரு மடக்கு ஏணி யாருடையது என்பதில் பேச்சு தடித்தது. அக்கம்பக்கத்துப் புது ஆட்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அப்பா முன்வாசல் வழியாகவும், அம்மா பின்வாசல் வழியாகவும் ஒரு வாய் சாப்பிடாமல் போனார்கள். ஏணி இன்றும் மூத்தவளின் வீட்டிலேயே கிடக்கிறது.

அன்றைக்கு வாசலில் நின்றவர்கள் ஏழெட்டுப் பேர். இன்றைக்கு வரப்போகிறவர்கள் இருநூறு பேர் இருப்பார்கள்.

"அம்மாவ வரவேண்டாம்னு சொல்லிடு" என்றான் தம்பி.

"பஸ் ஏறிட்டாளாம். அப்பாவத் திருப்பி அனுப்பு."

"வண்டி ஓட்டும்போது அவரு போன எடுக்க மாட்டாரு. உனக்குத் தெரியாதா?"

இருவரும் கூடத்தைப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் குளிர்பானம் நிரப்பும் தொழிற்சாலையாக இருந்த இடம் அது. உயரமான தகரக் கூரை, இரும்புத் தூண்கள், தரையில் எந்திரங்கள் இருந்த அடையாளமாகப் பெரிய பெரிய திருகாணித் துளைகள். இப்போது ஓவியங்களும் சிற்பங்களும் வைக்கும் கூடமாகியிருந்தது. கண்காட்சி ஒரு பெண் சிற்பியுடையது. இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து பழைய கதவுகளை வாங்கி வந்து, சட்டத்தோடு பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, கூடத்தின் நடுவே நெடுகச் சுவர் மாதிரி எழுப்பியிருந்தாள். கதவுகளாலேயே ஆன சுவர். கூடம் அதனால் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இந்தப் பக்கம் நிற்பவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. சில கதவுகள் திறக்கும், சில திறக்காது. வந்தவர்கள் தொடலாம், தட்டலாம்.

அந்தத் தட்டலைக் கேட்க வைப்பதுதான் அக்கா தம்பியின் வேலை. ஒவ்வொரு கதவிலும் மூத்தவள் பொத்தான் அளவில் ஒரு மைக் ஒட்டியிருந்தாள். தட்டினால் பிடிக்கும், ஒட்டி நின்று பேசினாலும் பிடிக்கும். அதை அவள் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் வாங்கி, நீட்டி, மடக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கூடம் முழுக்க இருந்த ஸ்பீக்கர்களில் அங்கேயே அப்போதே இசையாக வாசிப்பாள். தம்பி இரண்டு பக்கமும் கேமரா வைத்திருந்தான். கடைசிச் சுவரில் தொங்கிய பெரிய திரையில் இடது பாதியில் இந்தப் பக்கம் தட்டுபவர், வலது பாதியில் அந்தப் பக்கம் நிற்பவர். இவருக்கு அவர் தெரியாது. திரையைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு பேரும் தெரிவார்கள்.

"அம்மா பஸ்ல வந்து முன்வாசல்ல இறங்குவா" என்றாள் மூத்தவள் மெல்ல. "அப்பா வண்டிய நிறுத்தணும்னா பின்பக்கம்தான் வரணும்."

தம்பிக்குப் புரிந்துவிட்டது. "நடுவுல சுவரு."

"நடுவுல சுவரு. முடிஞ்சதும் நீ அவரப் பின்பக்கமா கூட்டிட்டுப் போ. நான் அம்மாவ முன்பக்கமா கூட்டிட்டுப் போறேன்."

சொன்னதுபோலவே நடந்தது. அம்மா நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள். மூத்தவள் அவளை முன்பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, "இங்கயே இரும்மா, அந்தப் பக்கம் ஒரே கூட்டம்" என்றாள். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல நல்ல கதவா இருக்கே, இத எதுக்குக் கழட்டினாங்க?" என்று கேட்டாள். பிறகு, "நானும் தட்டலாமா?" என்றாள். தாராளமாகத் தட்டு என்று சொல்லிவிட்டு மூத்தவள் மேடைக்கு ஓடினாள். தம்பி கொஞ்சம் தாமதமாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

"அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சிருக்கேன். முட்டி வலியாம். எழுந்திருக்க மாட்டாரு."

மேடை கூடத்தின் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு இருந்தது. அங்கிருந்து மட்டும் சுவரின் இரண்டு பக்கமும் தெரியும். மூத்தவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நூறு தடவை மேடை ஏறியவள் அன்றைக்கு ஒவ்வொரு மைக்கையும் இரண்டு தடவை சரிபார்த்தாள்.

முதல் இருபது நிமிடம் அருமையாகப் போனது. கூட்டம் முதலில் கூச்சப்பட்டது. பிறகு கூச்சம் போய்விட்டது. ஒரு தடித்த ஆள் இரட்டைக் கதவைத் தட்ட, அது மழைக்கு முந்திய இடிபோல உருண்டது. ஒரு பெண் நகத்தால் சுரண்ட, அந்தச் சுரண்டலை மூத்தவள் நீட்டி நீட்டி ஒரு நாதமாக இழுத்துவிட்டாள். திரையில் முகங்கள் மாறி மாறி வந்தன. எதிர்ப்பக்கத்தில் பதில் தட்டு கேட்டுத் திடுக்கிடுபவர்கள், சிரிப்பவர்கள், காதை வைத்து ஒட்டுக்கேட்பவர்கள். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்திருந்த ஒருங்கிணைப்பாளர் தூணோரம் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தப்பித்துவிட்டோம் என்றுகூட மூத்தவள் நினைத்தாள்.

அப்போது ஹெட்போனில் அந்தத் தட்டல் கேட்டது.

டொக் டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

மூத்தவளின் கை அப்படியே நின்றது. திரும்பாமலே அது யார் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் வளர்ந்த வீட்டில் ஒரே ஒரு குளியலறை. அப்பா காலையில் பேப்பரோடு உள்ளே போனால் உலகத்தையே மறந்துவிடுவார். பள்ளிக்கு நேரமாகிவிட்ட அம்மா வெளியே நின்று தினமும் இப்படித்தான் தட்டுவாள். வருடக்கணக்கில் அவர்கள் வீட்டில் பொழுது விடிந்ததே அந்தச் சத்தத்தில்தான்.

மேடையிலிருந்து பார்த்தாள். அம்மா நாற்காலியை விட்டு எழுந்து, ஒரு பச்சைக் கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதே பச்சைக் கதவின் மறுபக்கத்தில், அதன் சட்டத்தில் முதுகைச் சாய்த்தபடி ஸ்டூலில் அப்பா.

"தம்பி" என்றாள் அவள். அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டான். வாய் பிளந்தபடி இருந்தான். அவனுடைய கேமராக்கள் தட்டல் கேட்ட கதவுக்குத் தாமாகவே திரும்பும்படி அவன்தான் அமைத்து வைத்திருந்தான். திரையின் இடது பாதியில் அம்மா. வலது பாதியில் அப்பா.

அம்மா மறுபடி தட்டினாள். டொக் டொக். டொக்.

அப்பா தலையைக்கூடத் திருப்பவில்லை. மற்ற கதவுகளின் சத்தத்தில் அரைத் தூக்கத்தில் இருந்தாரோ என்னவோ, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, புறங்கையால் கதவில் ஒரு குத்து விட்டார். "வரேன், வரேன்."

ஸ்பீக்கர்கள் எல்லாம் சேர்ந்து, வரேன் வரேன் என்றன. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அம்மாவும் யோசிக்கவில்லை. பழக்கதோஷம். "அர மணி நேரமா இதத்தான் சொல்றீங்க" என்றாள் கதவைப் பார்த்து.

சிரிப்பு கூரைக்குப் போனது. யாரோ கை தட்டினார்கள். நடிகர்களை வைத்து முன்கூட்டியே அமைத்த காட்சி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். திரையில் அம்மாவின் முகம் மாறுவது தெரிந்தது. சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். வலது பாதியில் அப்பா ஸ்டூலிலிருந்து மெல்ல எழுந்தார். முட்டி வலி போன இடம் தெரியவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்தார். உள்ளங்கையை அதன் மேல் வைத்தார்.

"நீயா?" என்றார்.

கூடம் சட்டென்று அமைதியானது. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்தக் குரலில் நடிப்பு இல்லை என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இதைவிட நல்ல கணம் எந்த நிகழ்ச்சியிலும் மூத்தவளுக்கு வாய்த்ததில்லை. இருநூறு பேரும் அடுத்த சொல்லுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒலி சுத்தமாக வருகிறது. ஒருங்கிணைப்பாளர் தூணை விட்டு இரண்டடி முன்னால் வந்துவிட்டார். மூத்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பச்சைக் கதவின் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரை அடிவரைக்கும் இழுத்தாள்.

"படத்த மாத்து" என்றாள்.

தம்பி ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. திரையில் இரட்டைக் கதவு வந்தது. அதன் முன்னால் அந்தத் தடித்த ஆள், ஒன்றும் புரியாமல் திரையில் தன்னையே பார்த்துக்கொண்டு.

ஒருங்கிணைப்பாளர் மேடையடிக்கு ஓடி வந்தார். "என்னாச்சு? ஏன் நிறுத்துனீங்க? அதப் போடுங்க."

"மைக் போயிடுச்சு சார்" என்றாள் அவள். வாயில் பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

"நல்லா வந்துட்டு இருந்துச்சேம்மா."

"திடீர்னுதான் சார் போகும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே நின்றார். கூடத்தில் அமைதி இன்னும் கலையவில்லை. பாதிப் பேர் பச்சைக் கதவைத் தேடிக் கழுத்தைத் திருப்பத் தொடங்கினார்கள். மூத்தவள் பேசும் மைக்கை எடுத்தாள். நிகழ்ச்சி நடுவில் அவள் பேசுவதே இல்லை.

"எல்லாரும் பக்கத்துல இருக்கற கதவத் தட்டுங்க. எல்லாரும் ஒண்ணா. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

தட்டினார்கள். முதலில் அங்கொன்று இங்கொன்று. பிறகு கூடமே தட்டியது. மூத்தவள் எல்லாவற்றையும் ஏற்றினாள், ஒன்றைத் தவிர. தகரக் கூரை அதிர்ந்தது. மேலே இருந்த புறாக்கள் கலைந்து பறந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவில் இரண்டு பேர் என்ன பேசினாலும் மூன்றாமவர் காதில் விழாது. அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

மேடையிலிருந்து பார்த்தாள். பச்சைக் கதவு இறுகிப்போயிருந்தது. அப்பா இழுத்தார், அம்மா தள்ளினாள். பிறகு அம்மா ஏதோ சொன்னாள். அப்பா தலையாட்டிவிட்டுக் கதவைக் கொஞ்சம் தூக்கி இழுத்தார். ஒரு சாண் திறந்தது. அதற்கு மேல் திறக்கவில்லை. அந்த ஒரு சாண் இடைவெளியில் இருவரும் நின்றார்கள்.

மிக்ஸரில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், கூடத்துக்குக் கேட்காமல் அவளுடைய ஹெட்போனில் மட்டும் அந்தக் கதவு கேட்கும். தம்பியின் விரல் அதை நோக்கி வந்தது. அவள் பட்டென்று அடித்தாள்.

"ஒரே நிமிஷம்க்கா. சண்டையான்னு மட்டும் தெரிஞ்சுக்குவோம்."

"சண்டைன்னா அவருக்குக் கை ஆடும். பாரு, ஆடுதா?"

தம்பி பார்த்தான். அப்பாவின் கை ஆடவில்லை. கதவின் விளிம்பைப் பிடித்தபடி அசையாமல் இருந்தது. அம்மா ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. கேமராவைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டான்.

எவ்வளவு நேரம் அப்படி ஓட்டினாள் என்று அவளுக்குத் தெரியாது. தட்டியவர்களுக்குக் கை வலித்திருக்கும். ஒருவழியாக ஒவ்வொரு கதவாக இறக்கி, கடைசியில் நகத்தால் சுரண்டிய அந்த நாதத்தை மட்டும் விட்டு, அதையும் அணைத்தாள். கைதட்டல் எழுந்தது. அவள் குனிந்து வணங்கிவிட்டு நிமிர்ந்து பச்சைக் கதவைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

நாற்காலி காலி, ஸ்டூலும் காலி. ஆளுக்கொரு வாசலாகப் போய்விட்டார்களா? ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கி ஓடினாள். முன்வாசலில் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் அம்மா இல்லை. கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

லாரியில் சரக்கு ஏற்றுவதற்காக ஒரு காலத்தில் கட்டிய சிமெண்ட் திண்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அம்மாவின் கைப்பை. மாலை வெயில் இருவர் காலிலும் விழுந்துகொண்டிருந்தது. பின்னாலேயே தம்பியும் வந்து நின்றான்.

அப்பா அவளைப் பார்த்ததும், "உங்கம்மாகிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தார். "நான் இளைச்சதுக்குச் சக்கர வியாதி காரணம் இல்ல. டாக்டர் நடக்கச் சொன்னாரு, நடக்கறேன்."

"நான் இங்கதான உக்காந்திருக்கேன்" என்றாள் அம்மா. "எங்கிட்டயே சொல்லுங்க. அவ என்ன தபால்காரியா?"

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பி, "நடக்கறேன்" என்றார்.

மூத்தவள் திண்டின் படியில் உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருடமாகத் தோளில் எதையோ சுமந்துகொண்டிருந்தது, அது இறங்கிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"நாங்க பேசுனது எவ்வளவு தூரம் கேட்டுச்சு?" என்று அப்பா கேட்டார்.

"நீயான்னு கேட்டீங்களே, அது வரைக்கும். அதுக்கப்புறம் யாருக்கும் கேக்கல."

"உனக்கு?"

"எனக்கும் கேக்கலப்பா."

அப்பா நம்பிவிட்டார் என்று தெரிந்தது. பெரிய மூச்சாக விட்டார்.

"அப்ப நான் அர மணி நேரம்னு சொன்னது?" என்றாள் அம்மா.

"அது கேட்டுச்சும்மா. எல்லாருக்கும்."

"மானம் போச்சு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பாவும் வேறு எங்கோ பார்த்தபடி சிரித்தார்.

தம்பி மெல்ல, "அப்படி என்னதான் பேசுனீங்க?" என்றான்.

"ஒண்ணும் இல்ல" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

பிறகு அம்மா பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு பேரும் மனசுக்குள்ள கோட்ட கட்டாதீங்க. ஒரே வீட்டுக்கெல்லாம் நான் போகப்போறதில்ல. எனக்கு என் ஜன்னல் திறந்து இருக்கணும்."

"நான் மூடித்தான் வப்பேன்" என்றார் அப்பா.

"வச்சுக்குங்க. உங்க வீடு. ஆனா இந்த ஒளிஞ்சு பிடிச்சு விளையாட்டு போதும். எனக்கு வயசாகுது. யாரு எந்த வாசல்ல வர்றாங்கன்னு பாத்துப் பாத்து வர முடியாது."

அதற்குள் ஒருங்கிணைப்பாளர் அவர்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். கோபம் தணிந்திருந்தது. மைக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திண்டில் இருந்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தம்பியைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "ரெண்டு பேரும் பிரமாதம். நாளைக்கும் வருவாங்களா?" என்று கேட்டார்.

"கேட்டுப் பாக்கறேன் சார்" என்றான் தம்பி. "ஆனா ஒத்திகைக்கே வருஷக்கணக்குல எடுத்துப்பாங்க."

அவர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

கிளம்பும்போது அப்பா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மாவை ஏறிக்கொள்ளச் சொன்னார். ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் தான் ஓட்டும்போது மட்டும் எந்த விதியையும் பார்ப்பதில்லை என்று அம்மா சொன்னாள். தனக்கு உயிர்மேல் ஆசை இருக்கிறது, பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறாளாம். அப்பா வாதாடவில்லை. வண்டியை முடுக்கவும் இல்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் அதைத் தள்ளிக்கொண்டே அவள் பக்கத்தில் நடந்தார். போகிற வழியில் சாலையோரம் ஒரு பள்ளம் வந்தபோது, அம்மா அவர் முழங்கையைப் பிடித்து இழுத்து ஏதோ திட்டுவது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"சண்டை போடறாங்க" என்றான் தம்பி.

"போடட்டும்" என்றாள் மூத்தவள். "நேரா போடறாங்கல்ல."

உள்ளே சுருட்ட வேண்டிய கேபிள்கள் கிடந்தன. மறுநாளைக்கு மைக்குகளைச் சரிபார்க்க வேண்டும். தம்பி வா என்றான். கொஞ்ச நேரம் இரு என்று சொல்லிவிட்டு அவள் அந்த வெயிலிலேயே உட்கார்ந்திருந்தாள். பசி எடுத்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது.